ஏன் ‘சி’ என்று தெரியாத இரண்டு கேள்விகள்

அன்பு மகனுக்கு,

நாளைக் காலையில் லாரி வருகிறது. உன் அறை முழுவதும் அட்டைப்பெட்டிகளாகிக் கூடத்தில் நிற்கிறது. அவற்றுக்கு நடுவே ஒரு நாற்காலி போடும் அளவுக்குத்தான் எனக்கு இடம் மிச்சம். சிங்கப்பூருக்குள்ளேயே புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து செம்பவாங்குக்குப் போவதைப் பிரிவு என்று நான் சொன்னால் உன் மனைவி சிரிப்பாள், நீயும் சிரிப்பாய். அம்மா கொடுத்தனுப்பும் குழம்பு சூடு ஆறுவதற்குள் போய்ச் சேரும் தூரம்தான். ஆனாலும் நீ என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று பதிலில்லாமல் கிடக்கிறது. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன் என்று உனக்குத் தெரியும். எழுதினால் தப்பிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். உன்னைப் போலவே வேலைக்கு நடுவில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும் என்று, உன் சம்மதத்தோடு, இதைப் பொதுவிலும் வைக்கிறேன். உன் நண்பனின் பெயரை மட்டும் மாற்றிச் சரவணன் என்று எழுதியிருக்கிறேன். “நல்ல பேரா போடுங்க அங்கிள்” என்று அவனே கேட்டுக்கொண்டான்.

அன்று வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து டன்லப் ஸ்ட்ரீட்டில் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். நீ சான்றிதழ்த் தேர்வில் தேறி நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. உன் அம்மா அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேசரி கொடுத்து முடித்துவிட்டாள். நீ மட்டும் தேறியவன் போல இல்லை. தே தாரிக்கின் நுரை அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் கேட்டாய்.

“அத்தா, நான் செஞ்சது சீட்டிங்கா?”

என்ன செய்தாய் என்று கேட்டேன். சொன்னாய். நீ சொன்னதை, எனக்குப் புரிந்த வரிசையில், முதலில் இங்கே எழுதிவிடுகிறேன். தவறாக இருந்தால் திருத்து.

உங்கள் நிறுவனம் மருந்தகங்களுக்கும் கடைகளுக்கும் கணினி வலையமைப்பைப் பராமரிக்கிறது. நீயும் சரவணனும் அங்கே உதவி மையத்தில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். “அச்சு வரவில்லை”, “பாஸ்வேர்ட் மறந்துபோச்சு” என்று அழைப்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. வலையமைப்புக் குழுவுக்கு மாற வேண்டுமென்றால் சான்றிதழ்த் தேர்வில் தேற வேண்டும். நீ ஒருமுறை எழுதித் தவறினாய். இரண்டாம் முறைக்கு மாதக்கணக்கில் படித்தாய். வேலை முடிந்து கிளமெண்டி நூலகத்தில் உட்கார்ந்திருப்பாய், அங்கிருந்து வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் தொடர்வாய். பயிற்சித் தேர்வுகளை எழுதி எழுதிப் பார்ப்பாய். தவறாகப் போன கேள்விக்குக் கீழே இருக்கும் விளக்கத்தை முணுமுணுத்துக்கொண்டே படிப்பாய். உன் அம்மா பார்த்துவிட்டு, “இது நம்ம டென் இயர் சீரிஸ் மாதிரிதானே” என்றாள்.

அவள் சொன்னது சரி. இந்த ஊரில் பிள்ளை வளர்த்த எவருக்கும் அந்தப் புத்தகத்தைத் தெரியாமல் இருக்காது. பத்து ஆண்டுத் தேர்வுத்தாள்களை ஒன்றாகக் கட்டி விற்பார்கள். அது போதாதென்று பெயர் பெற்ற பள்ளிகளின் மாதிரித் தேர்வுத்தாள்களையும் தேடிப் பிடிப்போம். உன் அம்மாவுக்கு ஒரு பள்ளியின் தாள் கிடைத்தால் அடுத்த புளோக்கில் இருந்த சரவணனின் அம்மாவுக்குத் தகவல் போகும், அங்கிருந்து இன்னொரு பள்ளியின் தாள் இங்கே வரும். அலுவலகத்திலிருந்து திரும்பும்போது நான் அவற்றை இரண்டு படிகள் எடுத்து வருவேன், உனக்கொன்று, அவனுக்கொன்று. யாரும் அதைக் குற்றம் என்று நினைக்கவில்லை. குற்றமும் இல்லை. அவை எழுதி முடிந்த தேர்வுகள். அந்தக் கேள்விகள் திரும்ப வரப்போவதில்லை, அந்த மாதிரிக் கேள்விகள்தான் வரும். கையைப் பழக்கிக்கொள்வதற்காக எழுதினீர்கள்.

ஆனால் எங்கே பழக்கம் முடிந்து மனப்பாடம் தொடங்குகிறது என்பதை நாங்கள் உனக்குச் சொல்லித் தரவில்லை. தமிழ்க் கட்டுரைக்காக மழை பெய்யும் ஒரு மாலை வருணனையை உன்னை உருப்போட வைத்தவனே நான்தான். நீ அதைப் பேருந்து விபத்துக்கும் போட்டாய், பிறந்தநாள் விழாவுக்கும் போட்டாய். ஒருமுறை ஆசிரியை ஓரத்தில் “இன்றும் மழையா?” என்று எழுதி அனுப்பியிருந்தார். நாம் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துவிட்டு, அடுத்த தேர்வுக்கும் அதே மழையைத்தான் எடுத்துக்கொண்டு போனாய்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் சரவணன் உனக்கு ஒரு கணினிக் கோப்பை அனுப்பினான். பயிற்சித் தேர்வு என்றுதான் அதன் மேல் எழுதியிருந்தது. கைப்பேசிக் குழு ஒன்றிலிருந்து அவனுக்கு வந்தது. மற்றப் பயிற்சிகளில் இருந்ததுபோல அதில் விளக்கங்கள் இல்லை, கேள்வியும் விடையும் மட்டும். நேரம் குறைவாக இருந்ததால் அதுவே வசதி என்று நினைத்தாய். தேர்வறையில் மூன்றாவது கேள்வி திரையில் வந்தபோது உனக்குப் புரிந்துவிட்டது. அதே படம், அதே எண்கள், விடைகளும் அதே வரிசையில். நான்காவதும் அப்படி. உங்கள் தொழிலில் இதற்கு டம்ப் என்று பெயராம். தேர்வு எழுதியவர்கள் வெளியே வந்து நினைவில் இருக்கும் கேள்விகளைக் கொட்டிவைக்க, அடுத்து எழுதுபவர்கள் அள்ளிக்கொள்வது. தொடக்கத்திலேயே, கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று திரையில் ஒப்புக்கொண்டுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். நீயும் ஒப்புக்கொண்டாய்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஆமாம் அல்லது இல்லை என்ற ஒரு சொல்லுக்காக என் முகத்தைப் பார்த்தாய். செய்தியாளர் வேலையில் ஊறியவன் என்பதால் கேள்விதான் வாயில் வந்தது. எப்போது தெரியும் என்று கேட்டேன். மூன்றாவது கேள்வியில் என்றாய். அதற்கு முன் சந்தேகம்கூட இல்லையா என்றேன். விளக்கம் இல்லாததைப் பார்த்தபோது ஒருமாதிரி இருந்தது, ஆனால் யோசிக்க விரும்பவில்லை என்றாய். அந்த இரண்டாவது பதிலை நீ மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. பிறகு, தேர்வில் வந்ததை என்னிடம் சொல்லாதே, அதில் எத்தனை உனக்கு உண்மையிலேயே தெரியும் என்பதை மட்டும் சொல் என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாய். பக்கத்து மேசைக்குப் பிராட்டா வந்து, அவர்கள் சாப்பிட்டும் முடித்துவிட்டார்கள்.

“மத்ததெல்லாம் தெரியும் அத்தா. ரெண்டு மட்டும்... பதில் ‘சி’ன்னு தெரியும். ஏன் ‘சி’ன்னு தெரியாது.”

அந்த இரண்டும் எவை என்று நான் அன்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

யோசிக்க எனக்கு நேரம் தராமல் மறுநாளே சரவணன் வந்தான். அவனுடைய தேர்வு அடுத்த வாரம். உனக்காவது நிரந்தர வேலை. அவனோ ஒப்பந்தத்தில் இருப்பவன், தேறினால்தான் ஒப்பந்தம் நீளும். வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது. அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தேறியவன் திரும்பி வந்து, கோப்பில் இருப்பதில் எவ்வளவு வந்தது, புதிதாக என்ன வந்தது என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் கோப்பு பழசாகாமல் இருக்கிறது. எல்லாரும் உன் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். சரவணன் அவர்களுக்காக வரவில்லை, தனக்காக வந்தான். நான் சன்னலோரம் நாளிதழை விரித்துக்கொண்டிருந்தேன். படிக்கவில்லை என்பது உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கும்.

“புதுசா வந்தத மட்டும் சொல்லுடா. போதும்” என்றான்.

நீ, வந்தது எதையும் சொல்லமாட்டேன், ஆனால் முதல் பாடத்திலிருந்து கூட உட்கார்ந்து படிக்கிறேன் என்றாய். கோப்பைக் கொடுத்தவனிடமே இப்படிச் சொல்வது உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது உன் காதைப் பார்த்தே தெரிந்தது. சிறு வயதிலிருந்தே உனக்குக் காதுதான் சிவக்கும்.

“நீ ஏறிட்டு ஏணிய எடுக்கறியா?” என்றான் சரவணன். “பாஸானதும் ஹாஜியார் ஆயிட்டான் லா இவன்.” பிறகு என் பக்கம் திரும்பினான். “அங்கிள், நீங்க சொல்லுங்க. சின்னதுல எத்தன பேப்பர் ஃபோட்டோஸ்டாட் எடுத்து எங்களுக்குக் குடுத்தீங்க. அது ஓகே, இது மட்டும் தப்பா?”

அவன் கேட்டது நியாயமான கேள்வி. படி எடுத்துக் கொடுத்த இந்தக் கைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. இந்த ஊரில் நாம் எல்லாருமே செய்யக்கூடிய தவறு இது. தேர்வுத்தாள் என்று ஒன்றைக் கண்டால் கையை நீட்டிவிடுவோம், எங்கிருந்து வந்தது என்று பார்க்கமாட்டோம். அவன் கதவை மெல்லத்தான் சாத்திக்கொண்டு போனான். அடித்துச் சாத்தியிருந்தால் உனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவனுக்கு அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். என் வேலையில் முக்கியமான உரைகளை முன்கூட்டியே கையில் தருவார்கள். இந்த நேரம்வரை வெளியிடக் கூடாது என்று முதல் பக்கத்தில் இருக்கும். நாங்கள் அதைப் படிப்போம், செய்தியைத் தயாரித்து வைப்போம், அதில் ஒளிவுமறைவே இல்லை. அந்த நேரத்துக்கு முன்னால் ஒரு வரியை ஒரு நண்பனிடம் சொன்னாலும் போச்சு. அது ஊரறிந்த தாளா, வாக்குக் கொடுத்துப் பெற்ற தாளா என்பதில்தான் எல்லாம் இருந்தது. கடையில் விற்கும் பத்தாண்டுத் தாளும், விளக்கத்தோடு வரும் பயிற்சித் தேர்வும் முதல் வகை. அவற்றை எத்தனை முறை எழுதினாலும் அது படிப்புதான். இன்னும் நடந்துகொண்டிருக்கிற தேர்வின் தாள் இரண்டாம் வகை. யாரோ ஒருவர் வாக்கை மீறாமல் அது உன் கைக்கு வந்திருக்க முடியாது.

சரவணன் போன பிறகு ஒரு வாரம் அவனிடமிருந்து பேச்சே இல்லை. இதற்கிடையில் நீ என்னிடம் கேட்காமலே ஒன்று செய்தாய். உங்கள் புதிய குழுத் தலைவியிடம் போய், தேறிவிட்டேன், ஆனால் கடைசி வாரம் படித்த கோப்பு உண்மையான கேள்விகளாக இருந்தது, எனக்குத் தெரியாதவையும் அதில் உண்டு என்று சொன்னாய். சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. அவர், இதைத் தேர்வு நடத்துபவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும் என்றாராம். தன்னைப் பொறுத்தவரை, மூத்தவர் ஒருவரின் துணை இல்லாமல் எந்த மருந்தகத்துக்கும் உன்னை அனுப்பப்போவதில்லை, அந்த மூத்தவரே போதும் என்று சொல்லும்வரை. வீட்டுக்கு வந்து நீ இதைச் சொன்னபோது உன் அம்மா, கேசரி கொடுத்த வீடுகளை நினைத்துக்கொண்டாள் போல. “அப்ப பாஸா, இல்லையா?” என்றாள். நீ, “பாஸ்தான்மா. ஆனா வண்டி கத்துக்கறவனுக்கு மாதிரி எல் பிளேட் மாட்டிட்டாங்க” என்றாய். பல நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சரவணனைத் திரும்பக் கொண்டுவந்தது நீயும் இல்லை, நானும் இல்லை. உன் அம்மா அவனுக்குத் தொலைபேசியில் பேசினாள். உன் பரீட்சையும் எனக்கு வேண்டாம், அவன் பரீட்சையும் எனக்கு வேண்டாம், பிரியாணி ஆக்கியிருக்கிறேன், கர்ப்பிணிப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா என்றாள். இருவரும் வந்தார்கள். சாப்பிடும்போது யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்தவன், தேர்வைத் தள்ளிப் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தான். “ஹாஜியார், முதல் பாடம் எங்க இருக்கு?” என்றான்.

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் உங்கள் இருவருக்கும்தான் மேசை. நாங்கள் சோபாவில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். நீ அவனை முதல் பக்கத்திலிருந்து எல்லாப் பாடங்களையும் படிக்க வைத்தாய். உனக்குத் தெரியாத இரண்டும் எவை என்று அவனுக்குத் தெரிந்தால் தேர்வில் வந்ததைச் சொன்னதாகிவிடும் என்பதற்காகத்தான் ஒன்றையும் தாண்டவில்லை என்பதை நான் கவனித்தேன். ஒருநாள் மூன்று தட்டுகளை முக்கோணமாக வைத்து, நடுவே கரண்டிகளால் இணைத்து, ஒரு செய்தி அனுப்பினால் அது இந்த மூன்றுக்குள் சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் அடைத்துவிடும், அதனால் கருவிகளே தங்களுக்குள் பேசி ஓர் இணைப்பை மூடி வைத்துக்கொள்ளும் என்று விளக்கிக்கொண்டிருந்தாய். உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மூடி வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் எதற்கு அந்த மூன்றாவது கம்பியைப் போடுகிறீர்கள் என்று கேட்டாள். நீ வாயைத் திறப்பதற்குள் சரவணன் சொன்னான்.

“ஒண்ணு அறுந்துட்டா அத தொறக்கலாம்ல ஆன்ட்டி. அது வரைக்கும் சும்மா இருக்கறதுதான் அதோட வேல.”

விடை அவனுக்குள்ளிருந்து வந்திருந்தது. எந்தக் கோப்பிலும் பார்த்தது இல்லை. நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாய்.

இனி உன் கேள்வி. பயிற்சித் தேர்வு எழுதியது ஏமாற்று இல்லை. எழுதாமல் போயிருந்தால்தான் முட்டாள்தனம். அந்தக் கோப்பைத் தெரியாமல் வாங்கியதும் ஏமாற்று இல்லை. ஒருமாதிரி இருந்தபோது யோசிக்க விரும்பாமல் விட்டாயே, அங்கே ஒரு துளி தொடங்கியது. மூன்றாவது கேள்விக்குப் பிறகு அது ஒரு துளிக்கும் மேல். ஏன் என்று தெரியாமல் ‘சி’யைத் தொட்ட அந்த இரண்டு இடத்தில், ஆமாம், உனக்கு உரிமையில்லாத மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டாய். இதை இப்படிப் பிரித்துப் பிரித்துச் சொல்வது உன்னைத் தப்பிக்க விடுவதற்காக இல்லை. மொத்தமாக ஆமாம் என்று சொல்லியிருந்தால் நீ மாதக்கணக்கில் உண்மையாகப் படித்ததையும் சேர்த்துத் தூக்கி எறிந்திருப்பாய். மொத்தமாக இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டையும் படிக்காமலே இருந்திருப்பாய். தேர்வு நடத்துபவர்களிடம் சொல்வதா என்பதை இன்னும் யோசிக்கிறாய் என்று தெரியும். சொன்னால் சான்றிதழ் போனாலும் போகலாம். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் இந்த வீட்டில் உன்னைப் பார்க்கும் கண் மாறாது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரு மருந்தகத்தில் வரிசை நின்றுபோய், நோயாளிகள் காத்திருந்து, திரையில் ஏ, பி, சி, டி எதுவும் இல்லாமல் நீ நிற்கும் நாளில், உனக்கு ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சரவணன் தேர்வறையில் இருக்கிறான். நீ அந்தக் கட்டடத்தின் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறாய். பெட்டி கட்டும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனதற்காக உன் மனைவி உன்னை ஒன்றும் சொல்லவில்லை. மேலே உள்ள வரிகளை முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று இருந்தேன். தொலைபேசி மணி அடித்தது.

“வந்துட்டான் அத்தா” என்றாய். உன் குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தேறினானா என்று கேட்டேன்.

“இல்ல. கொஞ்சத்துல போச்சு. இன்னொரு தடவ எழுத மேனேஜர் முன்னாடியே டைம் குடுத்திருக்காராம்.” பின்னால் அவன் கடைக்காரரிடம் கோப்பி கேட்டுக்கொண்டிருப்பது கேட்டது. நீ குரலைத் தாழ்த்தினாய். “பாஸான்னு மட்டும்தான் அத்தா கேட்டேன். என்ன வந்துச்சுன்னு நான் கேக்கல. அவனும் சொல்லல.”

உனக்கு என் பதில் இனித் தேவையில்லை போலிருக்கிறது, அதை நீயே கண்டுபிடித்துவிட்டாய். இருந்தாலும் எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

சாப்பாட்டு மேசையை லாரியில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செம்பவாங் வீட்டுக்கு உனக்குப் பிடித்த மாதிரி ஒன்று வாங்கிக்கொள். இது இங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை படிக்கச் சரவணனைக் கூட்டிக்கொண்டு வா. நானும் அம்மாவும் சோபாவிலேயே சாப்பிட்டுக்கொள்கிறோம்.

உன் அத்தா